விதைக்கு விட்ட காய்

அப்பா கத்திரிக்காயைப் பறிக்க மாட்டார். வெட்டுவார். கொல்லையில் இறங்கும்போதே கையில் சின்னக் கத்தி இருக்கும். காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, காம்போடு வெட்டி எடுத்து, அந்தக் காம்பின் நுனியை இரண்டு பக்கமும் சாய்த்துச் செதுக்கி மீன்வால் மாதிரி ஆக்கிவிடுவார். சுண்டுவிரல் தண்டி வெண்டைக்காய்க்கும் அதே மரியாதைதான்.

எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்கள் காம்பை அப்படித்தான் செதுக்க வேண்டும். நீளமாக விட்டால் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வந்து நின்று கத்துவார். காயாக வெட்டினாலும் கத்துவார். எல்லாவற்றுக்கும் மேலாக, பழுத்த குலையை மரத்திலேயே விட்டுவிட்டு வந்தால், அன்றைக்கு அவர் வாயிலிருந்து வருகிற வார்த்தைகளை வீட்டில் வந்து சொல்ல முடியாது. அப்பாவின் வேலை என்று சிறுவயதிலிருந்து நான் அறிந்தது இதைத்தான்: அண்ணாந்து பார்ப்பது, பழுத்ததைக் கண்டுபிடிப்பது, ஒன்றுகூட விடாமல் வெட்டுவது.

தோள் போகும் வரை அந்த வேலைதான் செய்தார். உயரமான மரங்களுக்கு, நீண்ட அலுமினியக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டிக் கீழே நின்றபடி இழுப்பார்கள். ஒரு மழைநாளில் குலை நினைத்த பக்கம் விழாமல், கம்பையும் அதோடு அப்பாவின் வலது தோளையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. கை தலைக்கு மேல் இனி எழும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தோட்டத்து வேலை அதோடு முடிந்தது. அம்மா உரம் போடும் வேலையில் இருந்ததால், சுவா என்ற ஊருக்கு உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் தோட்டத்து வீடு கையை விட்டுப் போகவில்லை. எனக்கும் சிரம்பானில் தெமியாங் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்திருந்தது. காலையில் நான் மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவேன். அம்மா அதற்கு முன்பே போய்விடுவார். வீட்டில் அப்பா மட்டும்.

வேலை நின்ற புதிதில் அவர் பின்வாசல் படியில் உட்கார்ந்து எதிரே இருக்கும் செம்பனை வரிசையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். குலை ஏற்றும் லாரி சத்தம் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவார். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். மருந்துச் சீட்டு, பள்ளிக்கூடக் கடிதம், கைப்பேசியில் வரும் மலாய்ச் செய்தி, எதுவானாலும் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிறவர்கள் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். அப்பா மட்டும் எதையும் கொண்டு வரவில்லை. படியில் உட்கார்ந்திருப்பவரிடம் என்ன சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை.

அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. ஒரு நாள் போகிற போக்கில், "வெண்டக்கா முத்துது, எனக்கு எங்க நேரம்?" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். அன்று மத்தியானம் அம்மா திரும்பி வந்தபோது, வாசலில் விரித்த சாக்கின் மேல் வெண்டைக்காய், கத்திரிக்காய், மிளகாய் எல்லாம் காம்பு ஒரே பக்கம் பார்க்கும்படி வரிசையாக அடுக்கியிருந்தன. அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. சனிக்கிழமைகளில் நானும் பார்த்திருக்கிறேன். அம்மா ரப்பர் பூட்ஸைக் கழற்றுவதற்குள் அப்பா கூப்பிடுவார்.

"ஏ புள்ள, வந்து பாரு."

அம்மா இடுப்பில் கை வைத்து, மண்டோர் மாதிரியே குனிந்து பார்ப்பார். "ம்... சுத்தமாத்தான் இருக்கு. இன்னிக்கு போனஸ் போட்டுட வேண்டியதுதான்."

"போனஸெல்லாம் தாப்பாலா, பரவால்ல. மொதல்ல கோப்பியப் போடு."

கதை இங்கே நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கத்திரி விதையில்தான் சிக்கியது.

எங்கள் வீட்டுக் கத்திரி கடையில் கிடைக்காது. குண்டாக, பச்சையில் வெள்ளை வரி ஓடி, காம்பில் முள்ளோடு இருக்கும். கருவாட்டுக் குழம்பில் எவ்வளவு கொதித்தாலும் கரையாது. இந்த விதையைப் பக்கத்து வீட்டு அத்தைதான் எப்போதோ அம்மாவுக்குக் கொடுத்தார். அத்தை வீட்டில் அது செத்துப்போய், எங்கள் வீட்டில் மட்டும் நின்றுவிட்டது. எங்கள் கொல்லை மண் மழை பெய்தால் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விடாது. ராசா பாசார் சந்தையிலிருந்து நான் வாங்கி வந்த கன்றுகள் காலையில் பளபளவென்று இருக்கும். மத்தியானம் தலையைத் தொங்கப் போட்டு, அந்த வாரத்துக்குள் காய்ந்துவிடும். அம்மாவின் கத்திரிக்கு மட்டும் இந்த மண்ணோடு ஏதோ ஒத்துப்போயிருந்தது. ஒவ்வொரு செடி கிழடாகும்போதும் ஒரு காயை விதைக்கு விடுவார். விதையைக் காயவைத்து ஊறுகாய்ப் போத்தலில் போட்டு அடுப்படி மேல்தட்டில் வைப்பார். அப்பா வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் இதெல்லாம் அவர் கண்ணில் பட்டதே இல்லை.

போன மழையில் அந்தத் தட்டுக்கு நேர் மேலே கூரை ஒழுகியது. போத்தல் மூடி எப்போது விரிசல் விட்டதென்று தெரியவில்லை. அம்மா எடுத்துப் பார்த்தபோது விதையெல்லாம் ஒரே கட்டியாகி, சாம்பல் நிறப் பூஞ்சை பிடித்திருந்தது. அப்படியும் விடாமல் உதிர்த்துத் தூவிப் பார்த்தார். ஒன்றும் முளைக்கவில்லை. கொல்லையில் மிச்சமிருந்தது கிழட்டுச் செடி ஒன்றுதான். தண்டு கட்டையாகி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. பூக்கள் குறைந்துபோய், எப்போதாவது ஒரு காய் பிடிக்கும்.

"இது போனா போச்சு தம்பி," என்றார் அம்மா. "எங்க போயி கேக்க? குடுத்தவ வீட்டுலயே இந்தச் செடி இல்ல."

கீழ்க்கிளையில் நல்ல திரட்சியாக இருந்த ஒரு காயை விதைக்கென்று விட்டார். அது பெருத்தது. வரிகள் மங்கி, அடியில் மஞ்சள் ஏறத் தொடங்கியது. அந்தச் சனிக்கிழமை நான் வாசலில் மோட்டாரைக் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா வேலை முடிந்து வந்தார். சாக்கின் நடுவில், மீன்வால் காம்போடு, அந்தக் காய் உட்கார்ந்திருந்தது.

"இத ஏங்க வெட்டுனீங்க?"

"பழுத்துப்போச்சு புள்ள. நல்லவேள, நான் பாத்தேன். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா வீணாப் போயிருக்கும்."

அப்பாவின் முகத்தில் வேலைக்குப் போன காலத்துக் களை இருந்தது. அம்மா அந்த முகத்தைப் பார்த்தார். காயைப் பார்த்தார்.

"ஆமா, நல்லவேள," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அடுப்படியில் அதைப் பிளந்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். விதைகள் வெள்ளையாக இருந்தன. நகத்தால் தொட்டால் நசுங்கின. இருந்தாலும் ஒரு தட்டில் பரப்பிக் காயவைத்தார். மறுநாள் அவை உமியாகச் சுருங்கிக் கிடந்தன.

"அப்பாகிட்ட சொல்லிட வேண்டியதுதானேம்மா, வெதைக்குன்னு?"

"சொன்னா?"

"வெட்ட மாட்டாரு."

"வெட்ட மாட்டாரு. அப்புறம் எதத் தொடலாம், எதத் தொடக் கூடாதுன்னு ஒவ்வொன்னுக்கும் எம்மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிப்பாரு. இந்தக் கொல்லைல மட்டுந்தான் அவரு யாரையும் கேக்காம கைய நீட்டுறாரு. நீ வாயத் தொறக்காத."

நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் எனக்குக் கவலையாக இருந்தது. செடி ஒன்று, அதுவும் இன்றோ நாளையோ என்று நிற்கிறது. அதில் காய் பிடிப்பதே அபூர்வம். பிடித்த காய் பழுத்தால் அப்பா வெட்டிவிடுவார். பழுக்காவிட்டால் விதை இல்லை.

அடுத்த காய் பிடித்ததும் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். பெரிய இலை இரண்டை வளைத்து, காயை மூடி, வாழைநாரால் கட்டிவிட்டார். வெளியிலிருந்து பார்த்தால் இலைக்கொத்து என்றுதான் தோன்றும். எனக்கும் காட்டினார். அம்மா இவ்வளவு குறும்பாகச் சிரித்து நான் பார்த்தது குறைவு. கழுத்தொடிய அண்ணாந்து, மட்டைக்கும் மட்டைக்கும் நடுவே கறுத்துக் கிடக்கும் குலையில் எது பழுத்தது என்று சொல்கிற மனிதரிடம், இடுப்பளவு செடியில் ஒரு காயை ஒளித்து வைக்க முடியும் என்று நாங்கள் இரண்டு பேரும் எப்படி நம்பினோமோ தெரியவில்லை.

"ஏ புள்ள! எல மறவுல ஒன்னு ஒளிஞ்சிக்கிட்டு இருந்துச்சு. எங்கிட்டயா!"

அன்று பொது விடுமுறை. அம்மாவும் நானும் வீட்டில்தான் இருந்தோம். அப்பா கொல்லையிலிருந்து காயை உயர்த்திக் காட்டிக்கொண்டே வந்தார். வலது கை எழும்பாததால் இடது கையில். வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அத்தை சிரித்துவிட்டார்.

"அண்ணே, ஒங்க கண்ணுக்குத் தப்பி ஒரு காயி கெழடாக முடியுமா? பாவம்லா அது!"

அப்பாவும் சிரித்தார். அம்மாவுக்குத்தான் அதற்கு மேல் தாங்கவில்லை.

"என்ன சிரிப்பு? ஒரே ஒரு காயிங்க. வெதைக்குக் கட்டி வெச்சேன். போன தடவையும் வெட்டிட்டீங்க, சரின்னு விட்டேன். ஒலகத்துல ஒரு காய விட்டு வெக்கத் தெரியாதா ஒங்களுக்கு?"

அத்தை கையிலிருந்த துணியைக் கொடியில் போடாமலே உள்ளே போய்விட்டார். அப்பா காயைச் சாக்கின் மேல் வைத்தார். கத்தியைத் துடைத்துக் கூரைச் சந்தில் செருகினார்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல," என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் அவர் கொல்லையில் இறங்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. சாக்கு மடித்தபடியே கிடந்தது. வெண்டைக்காய்கள் விரல் நீளம் தாண்டி முறுக்கிக்கொண்டன. அம்மா வேலை முடிந்து வந்து அவசரமாகக் கிள்ளிக் கூடையில் போட்டார். காம்பு எப்படியோ போகட்டும் என்று. அப்பா மறுபடியும் பின்வாசல் படியில் இருந்தார். லாரி சத்தம் கேட்டால் உள்ளே போனார். கேட்டதற்குப் பதில் சொல்வார், சாப்பிடுவார், தட்டைக் கழுவி வைப்பார். சண்டை என்று சொல்ல எதுவுமே இல்லை. சண்டை இருந்தால்கூட நான் நடுவில் புகுந்திருப்பேன்.

அந்த நாட்களில் கிழட்டுச் செடியில் இன்னொரு காய் பிடித்தது. யாரும் அதைத் தொடவில்லை. மறைக்க வேண்டிய தேவையும் இல்லை. அது பாட்டுக்குப் பெருத்தது. அம்மா வேலை விட்டு வந்ததும் முதலில் அதைப் போய்ப் பார்ப்பார். பிறகு படியில் இருக்கும் அப்பாவைப் பார்ப்பார். முன்பெல்லாம் விதைக்காய் நிறம் மாறுவதைக் கூப்பிட்டுக் காட்டுவார். இந்தக் காயை எனக்குக் காட்டவே இல்லை.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. கொல்லையில் தண்ணீர் நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை விட்டு வெயில் அடித்தபோது, செடியின் இலையெல்லாம் துவண்டு தொங்கியது. பாசார் கன்றுகள் தொங்குமே, அதே தொங்கல். இத்தனை வருடம் இந்த மண்ணைத் தாங்கிய செடிக்கும் வேர் போய்விட்டது. காயில் மஞ்சள் பாதிதான் ஏறியிருந்தது.

அம்மா சேற்றுக் காலோடு படிக்கு வந்தார்.

"ஏங்க, கொஞ்சம் வந்து பாருங்க."

"என்னத்த?"

"அந்தக் காயி. செடி தொங்கிப்போச்சு. இப்பயே வெட்டிடறதா, இன்னும் விடறதான்னு தெரியல."

"ஒனக்குத் தெரியாததா?"

"தெரிஞ்சா கேப்பனா?"

நான் அடுப்படியில் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தேன். யாரையும் கேட்காமல் வருடக்கணக்காக விதை எடுத்தவர் அம்மா. அப்பாவை எழுப்புவதற்காகத்தான் கேட்கிறார் என்று முதலில் நினைத்தேன். ஆனால் ஜன்னல் வழியே தெரிந்த அந்த முகத்தில் நடிப்பு எதுவும் இல்லை. சாகிற செடியிலிருந்து அம்மாவும் இதற்கு முன் விதை எடுத்ததில்லை.

அப்பா எழுந்தார். செருப்பைப் போடாமல் சேற்றில் இறங்கினார். செடிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, காயைக் கீழிருந்து உள்ளங்கையில் ஏந்தினார். கட்டைவிரலால் மெல்ல அழுத்தினார். காம்பை வெகுநேரம் பார்த்தார்.

"காம்பு இன்னும் பச்சையாத்தான் இருக்கு. எலைக்குப் போறது நின்னுட்டாலும் காய்க்குப் போறது போய்க்கிட்டுத்தான் இருக்கு. விடு."

"செடி செத்துட்டா?"

"சாகற வரைக்கும் விடு."

பழுக்கத் தொடங்கிய ஒன்றைப் பார்த்து அப்பா 'விடு' என்று சொன்னதை அன்றுதான் கேட்டேன். சொன்னவருக்கும் அது புதிதாக இருந்திருக்க வேண்டும். சொல்லிவிட்டு, கத்தி தேடும் கை மாதிரி இடது கையை ஒருமுறை இடுப்பில் தடவிக்கொண்டார்.

அதோடு நிற்கவில்லை. மண்வெட்டியை எடுத்து இடது கையால் தண்ணீருக்கு வாய்க்கால் இழுத்தார். நான் வாங்கப் போனால், "நீ ஆபீஸ்காரன், தள்ளு," என்றார். மறுபடியும் வானம் கறுத்தது. அப்பா அண்ணாந்து கூரையைப் பார்த்தார். அங்கே அவருடைய அலுமினியக் கம்பு, அரிவாள் கழற்றியபடி, வேலை நின்ற நாளிலிருந்து செருகிக் கிடந்தது. பக்கத்து லயத்தில் இருக்கும் இந்தோனேசியப் பையன் அதைக் கேட்டு வந்தபோது, தருகிறேன் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் அனுப்பியவர்.

"தம்பி, அத எடு."

எடுத்துக் கொடுத்தேன். அடித்துண்டைக் கழற்றிச் செடிக்குப் பக்கத்தில் நட்டு, அம்மாவின் பெரிய குடையை ராஃபியா கயிற்றால் அதில் கட்டச் சொன்னார். சாய்ந்த கிளைக்கு ஒரு கவைக்கொம்பையும் முட்டுக்கொடுத்தார். குடைக்குக் கீழே, தொங்கிப்போன செடியும் ஒற்றைக் காயும்.

அத்தை வேலியோரம் வந்து நின்றார். முதலில் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பேசலாம் என்று தெரிந்ததும் தொடங்கிவிட்டார்.

"என்னண்ணே, சாமி பொறப்பாடா? மேளத்துக்குச் சொல்லிட்டீங்களா?"

"நீ மொதல்ல தேங்காய ஒட. அப்பத்தான் சாமி நகரும்," என்றார் அப்பா.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைக்கிற மாதிரித் திரும்பிக்கொண்டார்.

அதன் பிறகு எல்லாம் தலைகீழாகிவிட்டது. அம்மா வேலையிலிருந்து வந்ததும், "இன்னிக்கு?" என்பார். "இல்ல," என்பார் அப்பா. இலை ஒவ்வொன்றாகக் கொட்டியது. அம்மாவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

"அழுகிடப் போகுதுங்க. ரொம்பப் பயமா இருக்கு."

"அவசரப்படாத. காயா வெட்டுனா மண்டோர் சும்மா விடுவானா?"

"எந்த மண்டோரு?"

"நீதான்."

காய் முழுக்க மஞ்சளாகி, மஞ்சளில் பழுப்பு ஏறி, தோல் தளர்ந்தது. காம்பும் காய்ந்த பிறகுதான் அப்பா கூரைச் சந்திலிருந்து கத்தியை எடுத்தார். வெட்டினார். மீன்வாலும் செதுக்கினார். அதற்குப் பிறகும் சில நாள் அடுப்படியில் கிடக்கட்டும் என்றார்.

பிளந்த அன்று மூன்று பேரும் பேசினைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அம்மா சதையைத் தண்ணீரில் பிசைந்து கரைத்தார். சக்கையும் பொக்கு விதையும் மேலே மிதந்தன. அவற்றை வழித்து ஊற்றினார். மறுபடியும் தண்ணீர் விட்டார், மறுபடியும் ஊற்றினார். தண்ணீர் தெளியத் தெளிய, அடியில் வைக்கோல் நிறத்தில் விதைகள் தங்கியிருந்தன. நிறைய என்று சொல்ல முடியாது. மிதந்து போனதும் கணிசம்தான். அம்மா ஒன்றை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடித்தார். 'கடக்' என்றது. வாயில் விதையோடு அப்பாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

சாம்பலில் புரட்டி, நிழலில் முறத்தில் காயவைத்தார்கள். அத்தை வீட்டுக் கோழிகள் வராமல் அப்பா குச்சியோடு காவல் இருந்தார். அத்தைக்கும் ஒரு பொட்டலம் போனது.

"இந்தத் தடவ நான் நல்லா வளத்துடுவேன் அண்ணி," என்றார் அத்தை. "வேலிய மட்டும் ஒசத்திக் கட்டணும். ஒங்க வீட்டுக்காரரு கண்ணு இந்தப் பக்கம் வராம."

புதுப் போத்தலை எங்கே வைப்பது என்று அம்மா யோசித்தபோது, ஒழுகாத இடம் என்று அப்பா தன் சட்டைகள் இருக்கும் அலமாரியைக் காட்டினார். பாதி விதையை மட்டும் தூவினார்கள். முளைத்தது. எல்லாம் இல்லை. ஆனால் நடுவதற்குப் போதுமான அளவு முளைத்தது. செத்த செடியை அப்பா இடது கையாலேயே பிடுங்கினார். குடையைத் திருப்பிக் கொடுத்தார். கம்புத் துண்டு அங்கேயே நிற்கிறது. இப்போது அதில் பாகற்கொடி ஏறியிருக்கிறது.

போன சனிக்கிழமை அம்மா வேலை விட்டு வந்தார். சாக்கு விரித்திருந்தது. காம்பெல்லாம் ஒரே பக்கம். அம்மா குனிந்து பார்த்து, போனஸ் அறிவித்துவிட்டு, கறிவேப்பிலை ஒடிக்கக் கொல்லைக்குள் போனார்.

"ஏங்க!" என்று அங்கிருந்து சத்தம். "என்ன வேல பாத்திருக்கீங்க? வெண்டக்கா ஒன்னு கட்டையாகி நிக்குது. கண்ணு போயிடுச்சா?"

ஒடிக்கக் கையை நீட்டிவிட்டார். அப்பா படியிலிருந்து எழாமலே சொன்னார்.

"அதத் தொடாத. அது நான் விட்டது."

அம்மா கையை இழுத்துக்கொண்டார். கறிவேப்பிலையை மட்டும் ஒடித்துக்கொண்டு வந்தார்.